ஓடுகிற வீடு... ஒழுகுகிற டேங்க்!

மடிப்பாக்கத்தில் எங்கள் ஃப்ளாட்டுக்குப் பதினோரு வருஷம் நான்தான் செக்ரட்டரி. அந்தப் பதவியில் என் சாதனை என்ன என்று கேட்டால், ஒன்றே ஒன்றுதான். மோட்டார் போட்டால் நேரத்துக்கு அணைப்பேன். நடுராத்திரி மொட்டை மாடியில் டேங்க் வழிந்தால், இரண்டாவது மாடியில் குறட்டை விட்டுக்கொண்டிருக்கும் எனக்கு விழிப்பு வந்துவிடும். "உங்களுக்கு இருக்கிறது காதே இல்லீங்க, ஃப்ளோட் வால்வு!" என்பாள் என் மனைவி.

அந்தக் காதுக்கு அமெரிக்காவில் வேலை வரும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

2019 ஜூன் மாதம். கலிபோர்னியாவில் இருக்கும் பையன், "அப்பா, இந்தத் தடவை ஹோட்டலே கிடையாது. வீட்டையே ஓட்டிக்கிட்டுப் போறோம்!" என்றான். லாஸ் வேகாஸில் மோட்டார் ஹோம் வாடகைக்கு எடுத்து, ஸயான் பள்ளத்தாக்கு, அங்கிருந்து கிராண்ட் கேன்யன், மறுபடி லாஸ் வேகாஸ் என்று திட்டம். பையன், மருமகள், நாலு வயசுப் பேரன், நாங்கள் இருவர்.

வண்டியைப் பார்த்ததும் அசந்து போனேன். இருபத்தைந்து அடி நீளம். கட்டில், அடுப்பு, ஃப்ரிட்ஜ், பாத்ரூம் எல்லாம் உள்ளேயே. ஆனால் என் கண் போனது டேங்க் பக்கம். (பதினோரு வருஷப் பழக்கம், சார்!) மூன்று டேங்குகள். நல்ல தண்ணிக்கு ஒன்று, குளித்த, பாத்திரம் கழுவிய தண்ணிக்கு ஒன்று, மூன்றாவது எதற்கென்று நான் சொல்ல வேண்டியதில்லை. நல்ல தண்ணி டேங்க் 40 காலன். நம் கணக்கில் 150 லிட்டர். எடை 150 கிலோ. அதாவது, என்னைப் போல இரண்டு பேர் கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டு கூடவே வருகிற மாதிரி.

வண்டிக்கு வெளியே தண்ணிக்கென்று இரண்டு வாய்கள். ஒன்று, டேங்கை நிரப்ப. இன்னொன்று, கேம்ப்பில் இருக்கும் குழாயோடு ஹோஸ் போட்டு நேராக இணைக்க. இரண்டாவதில் இணைத்துவிட்டால் டேங்குக்கும் பம்ப்புக்கும் வேலையே இல்லை. குழாயின் பிரஷரிலேயே ஸிங்க்குக்கும் ஷவருக்கும் தண்ணி வந்துவிடும்.

"அந்தத் தண்ணி டேங்குக்குள்ளே போகாம எதுடா தடுக்கும்?" என்று கேட்டேன்.

"அப்பா, இது மடிப்பாக்கம் இல்லே. எல்லாம் ஆட்டோமேடிக்!"

வாயை மூடிக்கொண்டேன்.

*

ஸயான் அழகை எழுத எனக்குத் தமிழ் போதாது. செக்கச் செவேலென்று மலைச்சுவர்கள் வானத்துக்கு நிற்க, நடுவில் வர்ஜின் ஆறு சலசலவென்று ஓடுகிறது. இத்தனை பெரிய பள்ளத்தாக்கை அறுத்தது இந்தச் சின்ன ஆறுதான் என்றால் நம்ப முடியவில்லை. தண்ணி பொறுமைசாலி. விட்டால் எதையும் அறுத்துவிடும்.

சாயங்காலம் பூங்காவுக்கு வெளியே, குழாய், கரண்ட் எல்லாம் உள்ள கேம்ப்பில் வண்டியை நிறுத்தினோம். பையன் ஜம்மென்று ஹோஸை மாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தான். அப்போது சென்னையிலிருந்து என் மச்சினியின் போன்.

"அக்கா, லாரிக்கு புக் பண்ணிப் பதினெட்டு நாளாச்சு. இன்னும் வரலை. போர்ல காத்துதான் வருது. பசங்க ரெண்டு நாளைக்கு ஒரு தடவைதான் குளிக்குதுங்க."

ஞாபகம் இருக்கிறதா அந்த 2019 கோடை? பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நாலும் வறண்டு கிடந்த கோடை.

போனை வைத்த என் மனைவி ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய், காலியான பால் கேன்களை அலசி, ஒவ்வொன்றாகத் தண்ணி பிடிக்க ஆரம்பித்தாள். ஒரு காலன் கேன் ஐந்து.

"அம்மா, டேங்க்ல 150 லிட்டர் இருக்கு. இது எதுக்கு?"

"இருக்கட்டுமேடா. கேன் என்ன சோறா கேக்குது?"

ஐந்தும் கட்டிலுக்கு அடியில் போயின.

அன்று ராத்திரி இரண்டு மணி. சொர்ர்ர்... என் காது விழித்துக்கொண்டது. ஒரு நிமிஷம் மடிப்பாக்கம் என்றே நினைத்து, மோட்டார் ஸ்விட்சைத் தேடி மருமகள் தலைமாட்டிலிருந்த விளக்கைப் போட்டுவிட்டேன். அப்புறம்தான் புத்தி வந்தது. கதவைத் திறந்து காலை வைத்தால், சளக்! வண்டிக்கு அடியிலிருந்து தண்ணி கொட்டிக்கொண்டிருந்தது. என் செருப்பு ஒன்று பக்கத்து வண்டியை நோக்கிப் பயணம் போயிருந்தது.

பக்கத்து வண்டிப் பெரியவர் டார்ச்சோடு வந்தார். ரிடையரான லாரி டிரைவராம். அவர் முதலில் செய்த காரியம், குழாயை மூடியது. "முதலில் குழாயை மூடு, அப்புறம் காரணம் தேடு" என்றார். அவர் விளக்க விளக்க எனக்குச் சிரிப்பு வந்தது. பம்ப்புக்குள் தண்ணியை ஒரு பக்கம் மட்டும் விடுகிற ஒரு சின்ன வால்வு. அதில் ஒரு மணல் துணுக்கு சிக்கினால் போதும், சரியாக மூடாது. வெளிக்குழாயின் பிரஷர் பம்ப் வழியாகவே பின்பக்கம் தள்ளி டேங்கை நிரப்பும். டேங்க் நிரம்பினால் ஓவர்ஃப்ளோ பைப் வழியே தரைக்கு!

"நான் ரிட்டர்ன் வால்வு!" என்று கத்திவிட்டேன்.

"நீங்கள் பிளம்பரா?"

"இல்லை. செக்ரட்டரி."

அவர் இன்னும் இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று: கேம்ப் குழாய்களில் பிரஷர் இடத்துக்கு இடம் மாறும். சில இடங்களில் வண்டிக்குள் இருக்கும் பிளாஸ்டிக் பைப்பையே பிய்த்துவிடும். அதனால் குழாய் வாயில் பித்தளையில் பிரஷர் ரெகுலேட்டர் ஒன்றைத் திருகி, நாற்பது ஐம்பது பி.எஸ்.ஐ.க்குள் வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு: வால்வைச் சரிபார்க்கும் வரை நேர் இணைப்பே வேண்டாம். டேங்கைக் கண்ணெதிரே நிரப்பு, ஹோஸைக் கழற்று, பம்ப்பைப் போட்டுப் பயன்படுத்து. எதுவானாலும், வெளியே போகும்போதும் தூங்கும்போதும் குழாயை மூடு.

அவர் போன பிறகும் என் மனைவி ஈரத் தரையைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"என்னங்க... பத்துக் குடம் இருக்குமா?"

அதற்கு மேலேயே இருக்கும். நான் சொல்லவில்லை.

*

மூன்றாம் நாள் காலை டேங்கைத் தளும்பத் தளும்ப நிரப்பிக்கொண்டு கிராண்ட் கேன்யனுக்குக் கிளம்பினோம். 1930-ல் மலையைக் குடைந்து போட்ட ஒரு மைலுக்கு மேலான சுரங்கப்பாதை வழியே போனோம். எங்கள் வண்டியின் உடம்புக்காக எதிர்ப்பக்க வண்டிகளை நிறுத்தி வைத்து வழி விட்டார்கள். மந்திரி கார் போன மாதிரி இருந்தது. அப்புறம் பேஜ் ஊர், பாலைவனம், கேமரன் என்ற இடத்திலிருந்து மூவாயிரம் அடிக்கு மேல் ஏற்றம். வளைவுகளில் பேரன் சாப்பிட்டதையெல்லாம் வாந்தி எடுத்துவிட்டான். உடம்பு, உடை, கட்டில் எல்லாம் நாசம்.

அன்று தங்கல், பூங்காவுக்கு வெளியே பைன் மரக் காட்டில். குழாய் கிடையாது, கரண்ட் கிடையாது. "நட்சத்திரம் பார்க்கலாம்ப்பா!" என்று பையன் தேர்ந்தெடுத்த இடம். (மண் ரோட்டில் வண்டியை இறக்கக் கூடாது என்று வாடகைக் காகிதத்தின் எட்டாம் பக்கத்தில் இருந்தது. அதை நான் திரும்பி வரும்போதுதான் படித்தேன்.)

குழந்தையைக் குளிப்பாட்ட மருமகள் பம்ப்பைப் போட்டாள். போர்டைப் பார்த்தால் டேங்கில் மூன்றில் ஒரு பங்கு என்று காட்டுகிறது.

"காலையிலே ஃபுல்லா ரொப்பினோமே?"

"கேஜ் தப்பாக் காட்டுதுப்பா" என்றான் பையன். இந்த வண்டிகளில் கேஜ் பொய் சொல்வது சகஜம்தான். ஆனால் அன்று அது அரிச்சந்திரன்.

ராத்திரி எல்லாரும் படுத்தபின், டுர்ர்ர்... என்று பம்ப் இரண்டு விநாடி ஓடி நின்றது. ஐந்து நிமிஷம் கழித்து மறுபடி டுர்ர்ர்... யாரும் குழாயைத் திறக்கவில்லை. அப்படியானால் எங்கேயோ பிரஷர் இறங்குகிறது. எங்கேயோ ஒழுகுகிறது! எழுந்து முதலில் பம்ப் ஸ்விட்சை அணைத்தேன். பையனும் எழுந்தான். இந்தத் தடவை மடிப்பாக்கம் பேச்சை எடுக்கவில்லை.

"என்னப்பா செய்யணும்?"

"டிஷ்யூ பேப்பர் கொண்டா."

எங்கள் ஃப்ளாட் பிளம்பர் கற்றுக்கொடுத்த வித்தை. விரலுக்குத் தெரியாத ஈரம் காகிதத்துக்குத் தெரியும். ஒவ்வொரு ஜாயின்ட்டையும் துடைத்து, அடியில் ஒரு துண்டுக் காகிதம் வைத்து, பம்ப்பைப் போட்டுக் காத்திருந்தோம். ஸிங்க்குக்கு அடியில் வைத்த காகிதம் நனைந்தது. வண்டி குலுங்கிய குலுக்கலில் ஒரு பிளாஸ்டிக் நட்டு தளர்ந்திருந்தது. கையாலேயே திருகினேன். ஸ்பானர் போட்டு முறுக்கினால் பிளாஸ்டிக் மரை போய்விடும்.

ஒழுகல் நின்றது. ஆனால் காலையில் குழாயைத் திறந்தால் இருமியது. புஸ்... புஸ்... வெறும் காற்று. குழந்தை மறுபடி ராத்திரி வாந்தி எடுத்ததில் மிச்சமும் தீர்ந்திருந்தது. "பாட்டி, தாகம்" என்கிறான் பேரன்.

என் மனைவி ஒரு வார்த்தை பேசாமல் குனிந்து கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு கேனை இழுத்தாள். ஐந்து கேன், பத்தொன்பது லிட்டர். குழந்தைக்குக் குடிக்க, எல்லாருக்கும் முகம் கழுவ, காபிக்கு என்று அளந்து அளந்து ஊற்றினாள். கேன் எதற்கு என்று கேட்டவன் தலையைக் குனிந்துகொண்டு காபி குடித்தான்.

வெளிச்சத்தில் வண்டிக்கு அடியில் எட்டிப் பார்த்தேன். ஓவர்ஃப்ளோ பைப்பின் முனையில் செம்மண் ஈரமாக அப்பியிருந்தது. விஷயம் புரிந்துவிட்டது. கெரஸின் டின்னில் டியூபை விட்டு ஒரு இழுப்பு இழுத்தால் அப்புறம் தானாகவே கொட்டுமே, அதே கதைதான்! டேங்க் தளும்ப இருக்கிறது. ஏற்றத்திலும் வளைவிலும் தண்ணி அலைமோதி அந்தப் பைப்புக்குள் ஏறுகிறது. முனை டேங்குக்குக் கீழே தொங்குவதால், ஒரு தடவை வழிய ஆரம்பித்தால் இழுத்துக்கொண்டே போகிறது. பாதி டேங்கைப் பாலைவன ரோட்டுக்கு வார்த்துக்கொண்டே வந்திருக்கிறோம்!

சொந்த வண்டி என்றால் அந்தப் பைப்பை டேங்குக்கு மேலே ஒரு வளைவு கொடுத்துக் கொண்டுவரலாம், அல்லது முனையில் ஒரு வால்வு போடலாம். வாடகை வண்டிக்கு ஒரு கார்க். ஓடும்போது அடைப்பு. ஆனால் டேங்கை நிரப்பும்போதும் பம்ப் ஓடும்போதும் கண்டிப்பாகத் திறப்பு. காற்று போக வர வழியில்லாமல் நிரப்பினால் டேங்க் பலூனாக உப்பி வெடித்தாலும் வெடிக்கும். மறதிக்கு மருந்தாக, என் மனைவி கார்க்கில் ஒரு நீளக் கயிறு கட்டி மறுமுனையைக் குழாய் ஹோஸோடு முடிந்துவைத்தாள். ஹோஸை எடுத்தால் கார்க் ஞாபகம் வந்தே தீரும்!

*

அன்று கிராண்ட் கேன்யன் விளிம்பில் நின்றேன். ஒரு மைல் ஆழத்தில் கொலராடோ ஆறு நூலாகத் தெரிந்தது. அங்கே தெரிந்துகொண்ட சங்கதி என்னை உலுக்கிவிட்டது. நாங்கள் நின்ற தென் விளிம்புக்குக் குடிதண்ணி, எதிர்ப்பக்கம் வட விளிம்புக்குக் கீழே உள்ள ஓர் ஊற்றிலிருந்து, பள்ளத்தாக்கைக் கடந்து பன்னிரண்டரை மைல் குழாயில் வருகிறது. 1960-களில் போட ஆரம்பித்த குழாய். 2010-லிருந்து கணக்கெடுத்தால் 85 தடவைக்கு மேல் பெரிதாக உடைந்திருக்கிறது! 2023-ல்தான் குழாயை மாற்றுகிற வேலையையே தொடங்கினார்கள். திரும்பும் வழியில் ஹூவர் அணை. 1983-ல் நிரம்பி வழிந்த ஏரி, பாறையில் வெள்ளைப் பட்டை தெரியக் கீழே கிடந்தது.

பையனின் ஆட்டோமேடிக் வண்டியானால் என்ன, அமெரிக்க சர்க்காரின் குழாயானால் என்ன? தண்ணிக்கு எப்போதும் ஒரு ஆள் விழித்திருக்க வேண்டும். நிரப்புவது சுலபம். அது எந்த வழியாகப் போகிறது என்று பார்ப்பதுதான் வேலை.

சென்னை திரும்பிய சில நாட்களில், ஜூலை 12-ம் தேதி, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணி வந்தது. ஐம்பது வேகன், 25 லட்சம் லிட்டர். முதல் நாளே வந்திருக்க வேண்டியது, வால்வில் கசிவு ஏற்பட்டதால் ஒரு நாள் தாமதம் என்று செய்தி. பையனுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் கேட்டான்:

"டிஷ்யூ பேப்பர் வெச்சுப் பார்த்தாங்களாப்பா?"