மறுகை

ஆங்கிலத்தில் ‘ஆன் தி அதர் ஹேண்ட்’ என்றொரு தொடர் உண்டு. ஒரு கருத்தை உரைத்து முடித்தபின், அதற்கு எதிரே வைத்து எண்ணத்தக்க மற்றொன்றை உரைக்கப் புகுவோர் இதனை இடுவர். பள்ளிப் பிள்ளையும் எழுதுவான். நீதிபதியும் தீர்ப்பில் எழுதுவார். ‘மறு கையில்’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் நகைப்புத்தான் மிஞ்சும். ஆயினும் அங்கே கை வந்த வழியை எண்ணிப் பார்த்தல் தகும்.

பழைய ஆங்கிலத்திலேயே கை என்னும் சொல்லுக்குப் பக்கம் என்ற பொருளும் இருந்தது. இது நமக்குப் புதிதன்று. வழி கேட்போரிடம் நம் ஊர்ப்புறத்தார் ‘சோற்றுக்கைப் பக்கம் திரும்புங்கள்’ என்றுதானே சொல்கின்றனர்! அரபு மொழியோ கையை விட்டுத் திசையைப் பற்றிக்கொண்டது. ‘மின் ஜிஹத்தின்’ என்று ஒன்றைச் சொல்லி, ‘வ மின் ஜிஹத்தின் உக்ரா’ என்று மற்றதைச் சொல்லும். ஜிஹத் என்றால் திசை. நிற்பவன் ஒருவனே, முகம் திரும்பும் திசைதான் வேறு.

இத்தொடரை ‘ஆன் தி கான்ட்ரரி’ என்பதோடு குழப்புவோர் பலர். நம் நாளேடுகளிலும் இரண்டையும் ‘மாறாக’ என்ற ஒரே சொல்லால் பெயர்த்துவிடக் காண்கிறோம். இரண்டும் ஒன்றல்ல. ‘இவ்வாண்டு மழை குறைவோ?’ என்பார்க்கு, ‘இல்லை, மாறாக, மிகுதி’ என்கிறோம். இங்கே முன்சொன்னது தள்ளுண்டு போகிறது. ‘மழை மிகுதி, மறுபுறம், ஏரிகள் தூர்ந்து கிடக்கின்றன’ என்னும்போதோ இரண்டும் உண்மை, இரண்டும் நிற்கின்றன. மதரஸாவில் நஹ்வு ஓதியோர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. ‘பல்’ வந்தால் முன்சொன்னதை விட்டுத் திரும்புதல். ‘லாகின்’ வந்தால் முன்சொன்னது நிலைத்திருக்க, அதனால் எழக்கூடிய தவறான எண்ணத்தை மட்டும் விலக்குதல். ‘மறுபுறம்’ இவ்விரண்டில் ‘லாகினு’க்கே நெருங்கிய உறவு.

இலக்கண நுணுக்கம்தானே என்று தள்ளிவிடவும் இயலாது. சில ஆண்டுகளுக்கு முன் எம் தெருவைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் மருத்துவர் தந்த ஆங்கிலக் கடிதத்தோடு நம்மிடம் வந்தார். அவருடைய வாப்பாவுக்கு இதய வால்வு சுருங்கிப் போயிருந்தது. இவ்வயதில், சிறுநீரகமும் தளர்ந்த நிலையில், அறுவை இடர் மிக்கது என்று கடிதத்தின் முற்பகுதி சொல்லிற்று. அடுத்து இந்தத் தொடர். அதன்பின், அப்படியே விட்டால் மூச்சுத்திணறல் நாளுக்கு நாள் வளரும் என்றிருந்தது. வீட்டிலே இரு கட்சி. மூத்த மகள் முற்பகுதியையே பிடித்துக்கொண்டு, வேண்டாம் என்று அழுதார். மருமகனோ, முதலில் வேண்டாமென்ற மருத்துவர் பிறகு மனம் மாறி வேண்டும் என்கிறார் என்று படித்துக் காட்டியிருந்தார்.

“மாமா, டாக்டர் செய்யச் சொல்கிறாரா, வேண்டாம் என்கிறாரா? ஒரே பேச்சில் சொல்லிவிடுங்கள்” என்றார் இளைஞர்.

“தம்பி, அவர் இரண்டையும் சொல்கிறார். முன்னதைத் திரும்பப் பெறவில்லை.”

“அப்படியானால் முடிவு?”

“அதை உங்கள் வாப்பாவிடம் அல்லவா கேட்க வேண்டும்?”

அதுவரை எவரும் அவருக்கு அக்கடிதத்தைப் படித்துக் காட்டியிருக்கவில்லை! நாமே சென்று, “காக்கா, இதைக் கேளுங்கள்” என்று வரிவரியாகத் தமிழில் சொன்னோம். பின்பாதியை மறுமுறை சொல்லக் கேட்டார். சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, “அறுத்தால் நடந்து பள்ளிக்குப் போக முடியுமா என்று கேட்டு வாருங்கள்” என்றார். அந்தக் கேள்வி அவ்வீட்டில் வேறெவர்க்கும் தோன்றியிருக்கவில்லை. அறுவை நடந்தது. ஈராண்டுக்கு மேல் அவர் நடந்தே தொழப் போனார்.

இரு பக்கமும் கேட்கப் பொறுமையற்றோர் எங்கும் உளர். அமெரிக்க அதிபராயிருந்த ட்ரூமன், ஒற்றைக் கையுடைய பொருளியல் அறிஞர் ஒருவரைத் தேடித் தருமாறு கேட்டதாக அவர் பேரால் ஒரு நகைப்பேச்சு வழங்குகிறது. ஆலோசகர் ஒவ்வொருவரும் மறு கையை நீட்டினால் ஆட்சி நடத்துபவர் என்செய்வார்! வாய்திறக்க அஞ்சி இத்தொடருக்குள் ஒளிந்துகொள்ளும் அறிஞரும் இல்லாமலில்லை. குழுவறிக்கைகளைப் படித்தோர் அறிவர்.

இத்தொடரை ஒரு மனிதனின் மூச்சாகவே ஆக்கிக் காட்டிய படைப்பொன்று உண்டு. ஷோலம் அலைகெம் என்னும் யூத எழுத்தாளர் இத்திஷ் மொழியில் படைத்த பால்காரர் தெவ்யேயின் கதைகள், 1964இல் ‘ஃபிட்லர் ஆன் தி ரூஃப்’ என இசை நாடகமாயின. 1971இல் திரைப்படமும் வந்தது. சார் மன்னர் கால ருஷ்யச் சிற்றூரில் வாழும் தெவ்யே, மூத்த மகள் ஏழைத் தையற்காரனை விரும்பும்போது ஒரு கை, மறு கை என்று தனக்குத்தானே வழக்காடி இசைகிறார். இரண்டாமவள் புரட்சிக்காரனை விரும்பும்போதும் அவ்வாறே. மூன்றாமவள் சமயம் கடந்து மணந்துகொண்டு வந்து நிற்கிறாள். பழைய வழக்கம்போல் எண்ணிக்கொண்டே போனவர் திடீரென நின்றுவிடுகிறார். இதற்கு மறு கை இல்லை என்று கூவி, மகளை விட்டு நடக்கிறார்.

பின்னர் அரசாணையால் ஊரே காலிசெய்யப்படுகிறது. விடைபெற வந்த அம்மகளை அவர் ஏறிட்டும் பார்ப்பதில்லை. ஆனால் மூத்தவள் தங்கைக்கு விடைகொடுக்கையில், வண்டியில் மூட்டை கட்டும் கை ஓயாமலே, இறைவன் துணையிருக்க வேண்டும் என்னும் வாழ்த்தை முணுமுணுத்து எடுத்துக் கொடுக்கிறார். மூத்தவள் அதனை உரக்கச் சொல்லி அனுப்புகிறாள்.