குவியலுக்குள் கை

2022 ஆம் ஆண்டை இந்த நாட்டில் யாரும் எளிதில் மறந்துவிடமாட்டார்கள். மார்ச் மாதத் தொடக்கத்தில் 200 ரூபாவாக இருந்த டொலர் இரண்டொரு மாதங்களில் 350 ஐத் தாண்டியது. மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. புதிய கணனி வாங்குவது பற்றிக் கிராமத்துப் பாடசாலை ஒன்று நினைத்தும் பார்க்க முடியாத காலம் அது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்களில், புத்தளத்திலேயே தங்கிவிட்ட எங்கள் ஊர் இளைஞர்கள் சிலர் அந்த ஆண்டின் இறுதியில் காசு சேர்த்து ஒரு பழைய மேசைக் கணனியை அனுப்பிவைத்தார்கள். முல்லைத்தீவு மாவட்டத்தில் மீளக் குடியேறிய ஊரின் சிறிய பாடசாலைக்கு அது பெரிய காரியம். பாவித்த கணனிகள் விற்கும் கடையொன்றில் வாங்கியது. பற்றுச்சீட்டில் 2.7 கிகாஹேர்ட்ஸ் என்று எழுதியிருந்தது.

மாரி முழுக்க அது குறைவில்லாமல் ஓடியது. வினாத்தாள்கள் அச்சாகின. தவணைப் புள்ளிகள் அட்டவணையில் ஏறின. உயர்தரப் பிள்ளைகள் தகவல் தொழினுட்பப் பாடத்துக்கு அதன் முன்னால் முறை வைத்து உட்கார்ந்தார்கள். பங்குனி பிறந்து வெயில் ஏறியதும் கோளாறு தொடங்கிற்று. நீலத்திரை வந்து தானாக நின்று மீண்டும் தொடங்கும். சில கோப்புகள் திறக்காது. விண்டோஸை அழித்துப் புதிதாக ஏற்றினால் பாதி வழியில் கோப்பைப் பிரதி செய்ய முடியவில்லை என்று நிற்கும். வைரஸ் என்றார் ஒருவர். ஹாட் டிஸ்க் போய்விட்டது என்றார் இன்னொருவர். வவுனியாவுக்குக் கொண்டுபோனால் ஒரு நாளும் ஓட்டோக்காசும் போகும். கொண்டுபோனபோது அங்கே குளிரூட்டிய அறையில் மாலைவரை ஒரு பிழையும் காட்டாமல் ஓடிற்று. வீட்டுக்கு வந்ததும் பழைய குணம்.

உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன்தான் ஒரு குறிப்பேட்டை வைத்து, கணனி நிற்கும் நேரங்களை எழுதிவந்தான். இரண்டு கிழமைக் குறிப்பைப் பார்த்தபோது ஒன்று தெளிவாகத் தெரிந்தது. காலை எட்டரைக்கு ஒரு தடவையும் நின்றதில்லை. ஏறக்குறைய எல்லாமே பத்தரைக்கும் இரண்டு மணிக்கும் இடையில். தகரக்கூரை கொதிக்கும் நேரம். வைரஸுக்கு வெயில் தெரியாது. ஹாட் டிஸ்க் பழுதென்றால் அதுவும் காலையில் ஒரு நாளாவது காட்டியிருக்கவேண்டும்.

அதன் பிறகு கணனியின் பண்புகளைக் காட்டும் பக்கத்தைத் திறந்து பார்த்தோம். அங்கே ஒரே வரியில் இரண்டு எண்கள் இருந்தன. இன்டெல் பென்டியம் டுவல் ஈ2160, 1.80 கிகாஹேர்ட்ஸ். அதற்குப் பக்கத்தில் 2.70 கிகாஹேர்ட்ஸ். முதலாவது, 2007 இல் வந்த அந்தப் புரொசசருக்குத் தொழிற்சாலை வைத்த பெயரோடு வருவது. இரண்டாவது, அது அந்த நேரத்தில் உண்மையாக ஓடிக்கொண்டிருந்த வேகம். பயோஸுக்குள் போனதும் விடயம் வெளியாயிற்று. புரொசசரின் வேகம் இரண்டு எண்களின் பெருக்கம். பாதையின் துடிப்பு 200 மெகாஹேர்ட்ஸ், பெருக்கி 9, ஆக 1800. அந்த 200 ஐ யாரோ 300 ஆக்கியிருந்தார்கள். ஓவர்குளொக் என்று இளைஞர்கள் சொல்வது இதைத்தான். இன்னொன்றும் இருந்தது. நினைவகத்தின் வேகமும் அதே துடிப்பிலிருந்துதான் பிறக்கிறது. 4:5 விகிதத்தில் அது 750 க்கு ஏறி நின்றது. றம் தகட்டில் ஒட்டியிருந்த சீட்டு 667 என்று சொன்னது.

வேகத்தைக் கூட்டுவதென்றால் என்ன என்பதை வகுப்பில் விளக்க நேர்ந்தபோது நான் இப்படிச் சொன்னேன். 1.8 இல் ஒரு துடிப்புக்குக் கிடைக்கும் நேரம் 0.56 நானோசெக்கன். 2.7 இல் 0.37. அந்த நேரத்தில் ஒளிகூட 11 சென்ரிமீற்றர்தான் போகும். அதற்குள் புரொசசருக்குள்ளே மின்குறிகள் வாயில் வாயிலாகக் கடந்து, ஒன்றா பூச்சியமா என்று முடிவாகி நிற்கவேண்டும். சூடு ஏறினால் அந்த வாயில்கள் தாமதமாகத் திறக்கும். முடிவாகாத குறியை அடுத்த துடிப்பு வந்து அள்ளிக்கொண்டு போய்விடும். அப்போதுதான் பிழை பிறக்கிறது.

எல்லாப் பிழையும் நீலத்திரையாக வருவதில்லை. ஒரு பெரிய கோப்பை இரண்டு தரம் பிரதி செய்து இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தோம். மத்தியானம் செய்த பிரதிகளில் இரண்டு ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. கணனி எதுவும் சொல்லவில்லை. 'பிரதி முடிந்தது' என்றுதான் காட்டிற்று. எனக்கு அன்றிரவு நித்திரை வரவில்லை. இருமத்தில் 64 என்பது 1000000. முன்னாலிருக்கும் ஒன்று பூச்சியமாகிவிட்டால் ஒரு பிள்ளையின் புள்ளி பூச்சியமாகும். அதை யாரும் கண்டுபிடிப்பார்கள், பிள்ளையே வந்து கேட்கும். கடைசிப் பூச்சியம் ஒன்றாகிவிட்டால் 65. அதை யார் கண்டுபிடிப்பது? இடையிலுள்ள ஒன்று புரண்டால் 64 என்பது 72 ஆகலாம், 80 ஆகலாம். நின்றுபோகும் கணனி தன்னால் முடியவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறது. பிழையான விடையைச் சரியான விடையின் கோலத்தில் கொண்டுவந்து வைக்கும் கணனியிடம் பிள்ளைகளின் புள்ளியைக் கொடுப்பது எப்படி?

தேடும் முறை ஒன்றுதான்: ஒரு நேரத்தில் ஒன்றை மாத்திரம் மாற்றவேண்டும். முதலில் எல்லாவற்றையும் தொழிற்சாலை அளவுக்கு இறக்கினோம். இரண்டு கிழமை, நடு மத்தியானத்திலும் ஒரு பிழை இல்லை. ஆக வைரஸுமில்லை, டிஸ்குமில்லை. பிறகு புரொசசரை 2.7 க்கு ஏற்றி, நினைவகத்தின் விகிதத்தை மட்டும் 1:1 ஆக்கினோம். அது 600 க்கு இறங்கிற்று. மெம்டெஸ்ட் என்ற சோதனையை இரவும் பகலும் ஓடவிட்டும் பிழையில்லை, பிரதிகள் ஒத்துவந்தன. கோப்புகளைக் கெடுத்தது நினைவகம் என்பது முடிவாயிற்று.

மிஞ்சியிருந்த பிழையைக் காட்டித்தந்தது பிரைம் 95. ஜோர்ஜ் வோல்ற்மன் என்பவர் 1996 இல் தொடங்கிய, மிகப்பெரிய முதன்மை எண்களைத் தேடும் கூட்டுமுயற்சியின் மென்பொருள் அது. கோடிக்கணக்கான இலக்கங்களைக் கொண்ட எண்களை விரைவாகப் பெருக்க அது தசம எண்களில் கணக்கைச் செய்கிறது. விடை மட்டும் முழு எண்ணாக வந்தாகவேண்டும். கிட்டத்தட்ட முழு எண்ணாக வந்தால் அதை அருகிலுள்ள முழு எண்ணுக்குச் சேர்த்துக்கொள்ளும். முழு எண்ணிலிருந்து 0.4 க்கு மேல் விலகினால், எங்கோ கணக்குத் தவறிவிட்டது என்று வேலையை நிறுத்திவிடும். தன் விடையைத் தானே சந்தேகிக்கும் இந்தக் குணத்தால்தான் கணனியின் உறுதியைச் சோதிப்பவர்கள் அதைக் கையிலெடுத்தார்கள். இஷாவுக்குப் பின் தொடங்கி சுபஹ் வரை ஓடவிட்டால் ஒரு குறையுமில்லை. லுஹருக்கு முன் தொடங்கினால் 12 நிமிடத்தில் இரண்டு கோர்களில் ஒன்று பிழையென்று நின்றது, மற்றது ஓடிக்கொண்டேயிருந்தது.

பெட்டியைத் திறந்தால் ஹீட் சிங்கின் இடைவெளிகளில் செம்மண் தூசு அப்பியிருந்தது. தேர்மல் பேஸ்ட் காய்ந்து பொருக்காகியிருந்தது. சுத்தம் செய்து புதிதாகப் பூசியதும் வெப்பநிலை ஒன்பது பாகை இறங்கிற்று. 12 நிமிடம் 3 மணித்தியாலமாயிற்று. ஆனாலும் பிழை வந்தது.

இந்த இடத்தில்தான் மாணவனுக்கும் எனக்கும் வாக்குவாதம்.

"வோல்ற்றைக் கொஞ்சம் கூட்டினா நிக்கும் சேர்," என்றான்.

கூட்டினால் நிற்கும்தான். ஆனால் புரொசசரின் சூடு வேகத்தோடு நேராகவும், வோல்ற்றளவின் வர்க்கத்தோடும் ஏறுகிறது. 1.25 வோல்ற்றை 1.35 ஆக்கினால் அதனால் மட்டும் ஆறிலொரு பங்கு கூடும். ஒன்றரை மடங்கு வேகத்தையும் சேர்த்தால் தொழிற்சாலை அளவைப் போல ஒன்றேமுக்கால் மடங்கு. புரொசசரின் அருகே மதர்போட்டில் இருந்த கொள்ளளவிகளில் இரண்டின் தலை ஏற்கெனவே பொருமியிருந்தது. அதை அவனுக்குத் தொட்டுக் காட்டினேன்.

"ஆக்கள் எல்லாரும் கூட்டித்தானே ஓட்டுறாங்க. இது ஓடக்கூடிய சாமான். ஏன் சேர் நாம அடக்கி வைக்கணும்?"

அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. தொழிற்சாலையில் ஒரே அச்சில் பிறக்கும் புரொசசர்களைப் பரிசோதித்துப் பிரித்து வேறுவேறு வேகங்களை ஒட்டுகிறார்கள். சந்தைக்கு மலிவானது தேவையென்றால் கூடிய வேகத்தைத் தாங்கக்கூடியதற்கும் குறைந்த எண்ணை ஒட்டிவிடுவார்கள். 1998 இல் வந்த செலரன் 300ஏ யை உலகமெங்கும் இளைஞர்கள் 450 மெகாஹேர்ட்ஸில் ஓட்டினார்கள், பெருக்கி 4.5 ஐத் தொடாமல், 66 ஐ 100 ஆக்கியதோடு சரி. ஆகவே, ஒட்டிய எண் ஒரு பொருளின் எல்லை அல்ல. கடும் வெயிலிலும், பல ஆண்டுகளுக்கும், எந்தக் கணக்கைக் கொடுத்தாலும் பிழைக்காது என்று கொடுக்கும் உத்தரவாதம் அது. அதைத் தாண்டி ஓட்டுவது பாவமில்லை. தாண்டியதும் அந்த உத்தரவாதத்தைக் கொடுக்கும் பொறுப்பு, தாண்டியவர் கைக்கு வந்துவிடுகிறது.

"ஓடும் மகன். எந்த நேரம் ஓடும், எந்த நேரம் ஓடாது எண்டதக் கடைக்காரர் சொன்னாரா?" என்று மட்டும் கேட்டேன்.

இது எங்கள் ஊருக்கு மாத்திரம் நேர்ந்ததல்ல. மைக்ரோசொஃப்ட் பொறியியலாளர் ரேமண்ட் சென் 2005 இல் எழுதிய குறிப்பொன்றில், பிழைக்கவே முடியாத சாதாரணக் கட்டளைகளில் விழுந்த கணனிகளைப் பற்றிச் சொல்கிறார். உரியவர்களிடம் விசாரித்தபோது பலர் ஓவர்குளொக் செய்திருந்தார்கள். சிலருக்கோ அந்தச் சொல்லே தெரியாது. கடையே வேகத்தைக் கூட்டி, கூடிய வேகத்துப் பொருளாக விற்றிருந்தது. அதே நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2011 இல் பத்து இலட்சம் கணனிகளின் பதிவுகளை ஆராய்ந்து வெளியிட்டதில் இன்னொன்று இருக்கிறது. எட்டு மாதத்தில் 30 நாளளவு புரொசசர் நேரம் ஓடிய கணனிகளில் 190 இல் ஒன்றுதான் புரொசசர் தரப்புப் பிழையால் விழுகிறது. ஒரு தடவை விழுந்தது மறுபடி விழும் வாய்ப்பு 2.9 இல் ஒன்று. 'ஒரு தரம்தானே நின்றது, விடுங்கள்' என்று சொல்ல இடமில்லை.

மதீனாவின் சந்தையில் தானியக் குவியலொன்றைக் கடந்துசென்ற நபி (ஸல்) அவர்கள் அதற்குள் கையை விட்டுப் பார்த்த சம்பவத்தை நாமெல்லாம் சிறுவயதிலேயே கேட்டிருக்கிறோம். மேலே உலர்ந்த தானியம்; உள்ளே விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மழை பெய்தது அவருடைய குற்றமல்ல. நனைந்ததை ஆட்கள் காணும்படி மேலே வைக்காததுதான் குற்றமாயிற்று. இத்தனை காலமும் அந்தச் சம்பவத்தில் வியாபாரியைப் பற்றியே யோசித்திருந்த எனக்கு, இந்தக் கணனியோடு மல்லுக்கட்டிய நாட்களில் அந்தக் கை நினைவுக்கு வந்தது. பார்வைக்கு நல்லதாக இருந்தும் உள்ளே விட்ட கை. நாங்கள் இரவில் செய்த சோதனைகளெல்லாம் குவியலின் மேற்பரப்பைத் தடவியதுதான். மத்தியானம் தகரத்தின் கீழ் செய்ததே உள்ளே கைவிட்டது.

முடிவில் 266 இல் நிறுத்திப் பார்த்தோம். 2.4 கிகாஹேர்ட்ஸ். வோல்ற்றைத் தொடவில்லை. நினைவகம் 1:1 இல் 533. மூன்று மத்தியானங்கள் பிழையில்லாமல் ஓடிற்று. மாணவன் என் முகத்தைப் பார்த்தான். மூன்று மத்தியானம் பிழைக்கவில்லை என்பதற்கு, நான்காவது மத்தியானமும் பிழைக்காது என்று பொருளில்லை. சோதனை பிழையைத்தான் நிரூபிக்கும், பிழையின்மையை நிரூபிக்காது. படம் வெட்டி ஒட்டும் வேலைக்கு 2.4 போதும், பிழைத்தால் திரும்பச் செய்யலாம். புள்ளி அட்டவணை அப்படியல்ல, அது அமானத். பாடசாலைக் கணனி 1.8 இலேயே இருக்கட்டும் என்று தீர்த்தோம். வினாத்தாள் தட்டச்சுக்கு அந்த வித்தியாசம் தெரியவேயில்லை.

கடைக்காரரைத் தேடிப்போகவில்லை. அனுப்பிய இளைஞர்களுக்கு நன்றியோடு ஒரு விபரம் எழுதினேன். இனிப் பாவித்த கணனி வாங்கும்போது பண்புகள் பக்கத்தில் இரண்டு எண்களும் ஒன்றா என்று பாருங்கள், பயோஸில் பாதைத் துடிப்பைப் பாருங்கள், ஓடவிட்டு ஒரு மத்தியானம் காத்திருங்கள் என்று.

மாணவன் செய்தது அதைவிட நல்லது. ஒரு கடுதாசித் துண்டில் எழுதி, பெட்டியின் பக்கத்தில், எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டிவிட்டான். 1.8 இல் வேலை செய்கிறது. 2.4 இல் மூன்று மத்தியானம் சோதித்தது, பிழை காணவில்லை. 2.7 இல் வெயில் நேரம் கணக்குத் தவறும். கொள்ளளவி இரண்டு பொருமியிருக்கிறது. அடியில் திகதி. இந்தக் கணனியை நாளைக்கு யாருக்கு விற்றாலும் அந்தத் துண்டைக் கிழிக்கக்கூடாது என்று கீழ்வகுப்புப் பிள்ளைகளிடமும் சொல்லிவைத்திருக்கிறான்.