பார்க்கப் போனவர்கள்

எங்கள் பக்கத்தில் டூர் என்றால் அது கோயில் டூர்தான். மேல்மருவத்தூர், வேளாங்கண்ணி, பழனி. மாசம் நூறு, இருநூறு என்று சீட்டுக் கட்டி, வேன் பிடித்து, புளிசாதம் கட்டிக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்புவார்கள். சேரி ஜனங்கள் கூட்டமாக ஊரைவிட்டு வெளியே போவது இப்படிச் சாமி கும்பிட, இல்லையென்றால் செங்கல் சூளைக்கு. கலை பார்க்கக் கூட்டமாகப் போனதாக எங்கள் தெருவில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அதை ஒரு குறையாகக்கூட யாரும் நினைத்ததில்லை.

கலைக்கும் நமக்கும் சம்பந்தம் இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. சாவுக்கு அடிக்கிறவன் நம்ம ஆள். திருவிழாவுக்கு முன்னால் நடந்து அடிக்கிறவனும் நம்ம ஆள். எம்.ஏ. தமிழ் படித்த ரெண்டு வருஷமும் அழகியல், ரசனை, உன்னதம் என்று பாடம் கேட்டேன். அந்த ரசிகன் யார், அவன் எங்கே உட்கார்ந்திருக்கிறான், அவனுக்கு நாற்காலி போட்டது யார் என்கிற கேள்வி ஒரு வகுப்பிலும் வரவில்லை. அடிக்க நாம் வேண்டும். உட்கார்ந்து பார்க்க நமக்கு நாற்காலி கிடையாது.

சில வருஷங்களுக்கு முன் எங்கள் தெரு பறைக்குழுவுக்கு வெளிநாட்டில் நடக்கும் ஒரு விழாவிலிருந்து அழைப்பு வந்தது. அழைத்தவர்கள் பேர் இங்கே வேண்டாம். ஆறு பேர் வரலாம், சட்டை போடக்கூடாது, சலங்கை கட்டவேண்டும், நிகழ்ச்சி முடிந்த மறுநாள் காலையிலேயே திரும்ப டிக்கெட். குழுவை நடத்துகிற அண்ணன், "ஒரு நாள் கூடத் தங்கி மத்தவங்க வித்தையையும் பாத்துட்டு வரலாமா?" என்று கேட்கச் சொன்னார். நான்தான் கடிதம் எழுதினேன். திட்டத்தில் அதற்கு இடமில்லை என்று பதில் வந்தது. பிறகு விசாவுக்கு பேங்க் கணக்கு கேட்டார்கள். ஆறு பேர் கணக்கையும் கூட்டினாலும் அஞ்சாயிரம் தேறவில்லை. பயணம் அதோடு நின்றது.

அந்த வருஷமே சென்னையில் ஒரு தோழி இன்னொரு நோட்டீஸ் காட்டினாள். இத்தாலியில் 1895லிருந்து நடக்கும் வெனிஸ் பினாலேவுக்குக் குழுச் சுற்றுலா. விமானம், ஓட்டல், கூடவே வந்து படங்களை விளக்க ஒரு ஆள். தலைக்கு லட்சக்கணக்கில் பணம். இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் தோழர்களே. ஒன்றில் பார்க்க வருகிறவனுக்குக் காசும் ஓய்வும் உண்டு, சுற்றிப் பார்க்க நாட்களும் உண்டு. இன்னொன்றில் காட்டப்படுகிறவனுக்கு ஒரு நாள்கூட இல்லை.

வெனிஸ் நமக்குக் கட்டாது, கொச்சி கட்டும் என்று முடிவு செய்தோம். கொச்சி-முசிறி பினாலே 2012 டிசம்பர் 12இல் தொடங்கிய விழா. உலகத்தின் பல நாட்டுக் கலைஞர்கள் வருகிறார்கள். நான்காவது விழா 2018 டிசம்பர் 12 முதல் 2019 மார்ச் 29 வரை நடந்தது. நாங்கள் போனது 2019 ஜனவரியில். மாசம் இருநூறு வீதம் பத்து மாசம் சீட்டு. பறை அடிக்கும் இரண்டு அண்ணன்கள், காலேஜ் படிக்கும் நாலு பசங்க, மாலைப் பள்ளியில் பாடம் நடத்தும் மூணு பேர், என் சித்தி, நான். மொத்தம் பதினோரு பேர்.

நூறு நாள் வேலைக்குப் போகிற சித்தி கடைசி வரைக்கும் கேட்டுக்கொண்டே இருந்தாள். "இன்னாடி, அங்க இன்னா சாமி கீது?"

"சாமி இல்ல சித்தி. படம், பொம்மை, அந்த மாதிரி."

"அதுக்கா இவ்ளோ துட்டு?"

எல்லை தாண்டுவது எங்கள் ஊருக்குப் புதுசில்லை. 1953இல் ஆந்திரா பிரிந்தபோது திருத்தணி அந்தப் பக்கம் போனது. ம.பொ.சி. முதலானவர்கள் நடத்திய எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு 1960 ஏப்ரல் 1இல் இந்தப் பக்கம் வந்தது. எங்கள் பெரியவர்கள் வீட்டைவிட்டு நகராமலே இரண்டு மாநிலம் பார்த்தவர்கள். மாநிலம் மாறியது. சேரி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

காட்பாடியில் ரயில் ஏறி, காலையில் எர்ணாகுளத்தில் இறங்கி, படகுத்துறையிலிருந்து ஃபோர்ட் கொச்சிக்குப் படகு பிடித்தோம். அந்தக் காயலைப் பற்றிப் பசங்களுக்குச் சொல்ல ஒரு கதை வைத்திருந்தேன். 1913இல் கொச்சி ராஜ்யத்துப் புலையர்களுக்குக் கூட்டம் போட நிலம் கிடைக்கவில்லை. அவர்கள் கூடி நின்றால் அந்த மண்ணே தீட்டு. பண்டிட் கருப்பன், கிருஷ்ணாதி ஆசான் போன்றவர்கள் முன்நிற்க, படகுகளைச் சேர்த்துக் கட்டித் தண்ணீர்மேலேயே கூட்டம் நடத்தினார்கள். காயல் சம்மேளனம் என்று கேரளத்தில் அதைச் சொல்கிறார்கள். நிலம் ராஜாவுடையது, தண்ணியில் கூடினால் எந்தச் சட்டத்தில் பிடிப்பாய் என்கிற கலகம் அது. அதே 1913இல்தான் அம்பேத்கர் பரோடா மன்னரின் உதவித்தொகையில் கப்பலேறி நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். கடல் தாண்டினால் தீட்டு என்று மேல்சாதிக்காரன் பயந்த காலத்தில், நம்மவருக்குக் கடல் தாண்டிய இடத்தில்தான் தீட்டு இல்லாமல் இருந்தது. திரும்பி வந்து 1917இல் பரோடாவில் வேலைக்குச் சேர்ந்தபோது அவருக்குத் தங்க ஒரு அறை கிடைக்கவில்லை. நமக்கு வெளிநாட்டுப் பயணம் என்பது வெறும் உல்லாசம் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

விழாவின் முக்கிய இடம் ஆஸ்பின்வால் ஹவுஸ். மிளகும் கயிறும் மரமும் ஏற்றுமதி செய்த வெள்ளைக்காரக் கம்பெனியின் பழைய கிடங்கு. அந்த முறை விழாவை வடிவமைத்தவர் அனிதா துபே. அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் பெண். 'அந்நியமாகாத வாழ்வுக்கான சாத்தியங்கள்' என்று தலைப்புக் கொடுத்திருந்தார். அந்நியமாக்கப்பட்டவர்கள் நாங்கள் பதினோரு பேர் டிக்கெட் வாங்கி உள்ளே போனோம்.

துர்காபாய் வ்யாம், சுபாஷ் வ்யாம் இருவரின் வேலையின் முன்னால்தான் எங்கள் கூட்டம் முதலில் நின்றது. மத்தியப் பிரதேசத்துக் கோண்டு பழங்குடிக் கலைஞர்கள். 2011இல் வந்த 'பீமாயணா' என்ற அம்பேத்கர் சித்திரக் கதைக்குப் படம் வரைந்தவர்கள். பலகையை வெட்டிச் சுவர் நெடுகப் படரவிட்டிருந்தார்கள். மீன், மரம், பெண், நீர். அந்தப் புத்தகத்தில் சின்னப் பையன் பீமனுக்குக் கிடைக்காத தண்ணீரை வரைந்த அதே கைகள் என்று சொன்னதும் பசங்க கிட்டே போய் நின்று பார்த்தார்கள். சித்தி, "இது நம்மூட்டுக் கோலம் மாதிரி கீதுடி" என்றாள். அதுவரைக்கும் கலை என்றால் வேற யாரோ செய்வது என்றிருந்தவள்.

வங்கதேசத்துக் கலைஞர் மர்சியா ஃபர்ஹானா, 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் நாசமான வீட்டுச் சாமான்களைத் தொங்கவிட்டிருந்தார். ஃப்ரிஜ், டிவி, புத்தகம். சித்தி ரொம்ப நேரம் பார்த்தாள். "வெள்ளத்துல போனத நாம குப்பைன்னு தூக்கிப் போட்டோம். இவங்க எடுத்து வெச்சிருக்காங்க. சரி, யாரூட்டு டிவி இது? பேரு எய்தி வெச்சிருக்காங்களா?" எந்த விமர்சகரும் இதைவிட நேராகக் கேட்டிருக்க முடியாது என்று நினைக்கிறேன்.

ஷில்பா குப்தாவின் அறை இருட்டு. மேலே நூறு மைக் தொங்குகிறது. கீழே நூறு கம்பிகள், ஒவ்வொன்றும் ஒரு காகிதத்தைக் குத்திக்கொண்டு நிற்கிறது. எழுதியதற்காகச் சிறை போன கவிஞர்களின் வரிகள், பல காலம், பல மொழி. ஒரு மைக் ஒரு வரி சொல்ல, மற்றவை வாங்கித் திரும்பச் சொல்கின்றன. எங்களுக்குப் பாதி மொழி புரியவில்லை. பெரிய அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். வெளியே வந்ததும், "ஒப்பாரிதான் இது. ஒருத்தி எடுத்துக்குடுக்க மத்தவங்க வாங்கிப் பாடறது. எங்க அடி விழணும்னு கை தானா துடிக்குது" என்றார்.

மதியம் டீக்கடையில் இன்னொரு டூர் கூட்டத்தைப் பார்த்தோம். சென்னையிலிருந்து வந்தவர்கள். அண்ணன் தோளில் பறை இருந்தது. கைக்குழந்தை மாதிரி எங்கே போனாலும் கூடவே கொண்டுவருவார். அந்தக் கூட்டத்தில் ஒருவர் ஆசையாகத்தான் கேட்டார். "உங்க ப்ரோகிராம் எப்போ? எந்த ஸ்டேஜ்?"

"ப்ரோகிராம்லாம் இல்ல சார். நாங்க பாக்க வந்துகீறோம்" என்றார் அண்ணன்.

அவருக்கு உடனே புரியவில்லை. "ஓ, ரிகர்சலா?" என்றார். கெட்டவர் இல்லை. பறையோடு வந்தவன் பார்வையாளனாகவும் இருக்கலாம் என்கிற எண்ணத்துக்கு அவர் மனசில் இடமே இல்லை. சாதி இப்படியும் வேலை செய்கிறது. கையில் இருப்பதை வைத்து உன் இடத்தைச் சொல்லிவிடுகிறது.

இந்த விழாக்களை நான் புகழ வரவில்லை. அந்தச் சுவர்களை எழுப்பிய, ஆணி அடித்த கைகள் எந்தச் சட்டகத்துக்குள்ளும் வருவதில்லை. அந்த விழா முடிகிற 2019 மார்ச்சில், தனக்குப் பணம் பாக்கி என்று கட்டுமான ஒப்பந்தக்காரர் பகிரங்கமாகச் சொன்னார். விழா அமைப்பு அந்தக் கணக்கை மறுத்தது. கணக்கு யார் பக்கம் சரியோ, கூலியைப் பற்றிய பேச்சும் கலையைப் பற்றிய பேச்சுதான். நாம் உள்ளே போனால்தான் இதையும் உள்ளே போய்க் கேட்கமுடியும்.

நமக்கென்று மேடை இல்லாமல் இல்லை. 2018 டிசம்பரில் நீலம் பண்பாட்டு மையம் சென்னையில் வானம் கலைத் திருவிழாவைத் தொடங்கியது. அது நம்முடையது. ஆனால் நம்முடையதை மட்டும் பார், மற்றதெல்லாம் உனக்கு எதற்கு என்பதும் ஒரு சேரிச் சுவர்தான். வெனிஸில் என்ன வைக்கிறார்கள், அதில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று சொல்ல நமக்கும் உரிமை இருக்கிறது. பார்க்காமல் எப்படிச் சொல்வது?

திரும்பி வந்த மாசமே அடுத்த சீட்டு தொடங்கியது. இடையில் கொரோனா வந்து சீட்டும் நின்றது, விழாவும் 2022 டிசம்பருக்குத் தள்ளிப்போனது. இப்போது மறுபடி கட்டுகிறோம், இருபத்துமூணு பேர். பசங்க எல்லோரையும் முதலில் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கச் சொல்லியிருக்கிறோம். அமைப்புகள் நடத்தும் தோழர்களுக்கு ஒன்று சொல்வேன். பயிற்சி முகாமுக்குச் செலவு செய்வதில் கொஞ்சம் எடுத்து வருஷத்துக்கு ஒரு தரம் பத்துப் பேரைக் கலை பார்க்க அனுப்புங்கள். மேளம் கொண்டுபோகலாம், அடிக்கத் தேவையில்லை. சித்தி பேரைச் சீட்டில் ரெண்டாவதாக எழுதச் சொல்லியிருக்கிறாள். முதல் பேர் அண்ணனுடையது.