பழப்பெட்டியும் கிதாரும்

கொடைக்கானல் சந்தையில் காலிப் பழப்பெட்டியைத் தட்டினால் ‘டொக்’ என்று ஒரு சத்தம் வரும். அதை யாரும் இசை என்று சொல்வதில்லை. தென் அமெரிக்காவின் பெரு நாட்டில் அடிமைகளாக இருந்த ஆப்பிரிக்கர்கள், இதுபோன்ற மரப்பெட்டியைத்தான் ‘கஹோன்’ என்ற தாளக்கருவியாக்கினார்கள்.

ஸ்பெயினின் ஃபிளமெங்கோ கிதார் மேதை பாகோ டி லூசியா, 1970களில் அதைப் பெருவில் கேட்டு, தன் குழுவில் சேர்த்துக்கொண்டார். ஜாஸையும் கலந்தார். ‘மரபைக் கெடுக்கிறார்’ என்று ஊரில் திட்டு விழுந்தது. அவரோ புகழின் உச்சியிலும் மாணவராகவே இருந்தார். ஜான் மெக்லாஃப்லினுடன் வாசித்தபோது, கற்றுக்கொண்டது தான்தான் என்று ஒப்புக்கொண்டார். அந்த மெக்லாஃப்லின், ‘சக்தி’ குழுவில் நம் விக்கு விநாயக்ராமின் கடத்தோடு வாசித்தவர்!

2014-ல் பாகோ மறைந்தார். அன்று வெளியாளாக வந்த பெட்டி, இன்று ஃபிளமெங்கோவின் சொந்தப் பிள்ளை. கதவைத் திறந்துவைத்ததால் மரபு தேயவில்லை, வளர்ந்தது.