மாசம் 3,416

8.5.2025, வியாழன்
ப்ளஸ் டூ ரிசல்ட். தங்கச்சிக்குக் கணக்கில் 97. அந்த மூணு மார்க் எங்கே போச்சு என்று அம்மா இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் ஒரு தனியார் கல்லூரிக்காரர் பைக்கில் வந்து இறங்கிவிட்டார். பி.எஸ்சி. கணிதம் இருக்கிறதாம், கல்லூரி வண்டி தெருமுனைக்கே வருமாம். "பணத்தப் பத்திக் கவலப்படாதீங்க, பேங்க் லோன் நாங்களே முடிச்சுத் தர்றோம்." அப்பா தலையாட்டினார். 2016-ல் என்னைச் சேர்த்தபோதும் இதே பேச்சுதான், ஆள்தான் வேறு.

9.5.2025, வெள்ளி
ராத்திரி என் பழைய கல்விக் கடன் கணக்கைத் தங்கச்சி எதிரில் விரித்தேன். மூணு வருஷம், வருஷத்துக்கு 50,000. படிக்கும்வரையும் அதற்குப் பிறகு ஒரு வருஷமும் தவணை கட்ட வேண்டாம் என்பார்கள். வட்டி மட்டும் தூங்காது. 11 சதவீதத் தனிவட்டியில் முதல் 50,000-க்கு நாலு வருஷத்தில் 22,000, அடுத்ததற்கு 16,500, கடைசிக்கு 11,000. முதல் தவணைக்கு முன்பே ஒன்றரை லட்சம் 1,99,500 ஆகிவிட்டது. ஏழு வருஷத்துக்கு மாசம் 3,416. கட்டி முடித்தால் 2.87 லட்சம். கூட்டிப் பார் என்று பேனாவைக் கொடுத்தேன். அவள் மனசிலேயே போட்டுவிட்டாள், கழுதை.

வீட்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால் அந்த இடைக்கால வட்டியை மத்திய அரசே கட்டும் திட்டம் ஒன்று உண்டு. ஆனால் அது தொழிற்படிப்புக்கு. பி.எஸ்சி. அதில் சேராது.

11.5.2025, ஞாயிறு
மாமா வந்திருந்தார். "ஏம்மா, கணக்குப் படிச்சு என்னத்த சம்பாரிச்ச? கொத்தனாருக்குக் கையாளாப் போறவன் உன்னவிட அதிகமா வாங்குறான்." பொய்யில்லை. சின்னசேலம் பக்கம் மெட்ரிக் பள்ளியில் எனக்கு 11,000. மே மாசம் சம்பளம் கிடையாது. தவணைக்கு மே மாசம் விடுமுறை கிடையாது.

ஆனால் மாமா சொல்வது பாதிதான். வாத்தியார் வேலைக்கு பி.எஸ்சி. மட்டும் போதாது, பி.எட். வேண்டும், அது 2015-லிருந்து ரெண்டு வருஷம். வங்கி தருவதோ ஒரு வருஷ அவகாசம். 2020-ல் தவணை தொடங்கியபோது நான் இன்னும் பி.எட். முடிக்கவில்லை. அப்பா மக்காச்சோளம் போட்ட காசில் கட்டினார். கணக்குப் படிப்பு பலன் தர நாளாகும், கடன் அதுவரை பொறுக்காது. இதுதான் என் புகார், படிப்பின் மேல் அல்ல.

15.5.2025, வியாழன்
தங்கச்சி வரவுப் பக்கத்தையும் எழுதச் சொன்னாள். எழுதினேன். அரசுப் பள்ளிப் பட்டதாரி ஆசிரியர் அடிப்படைச் சம்பளம் 36,400-ல் தொடங்குகிறது. அங்கே போக டெட் என்ற தகுதித் தேர்வில், தாள் இரண்டில் 150-க்கு 82 எடுக்க வேண்டியிருந்தது (பி.சி.க்கு). அதை நான் தாண்டிவிட்டேன். ஆனால் 2018-ல் வந்த அரசாணை 149, டெட் தேறியவர்களுக்கு இன்னொரு போட்டித் தேர்வும் வைத்தது. அந்தத் தேர்வு நடந்தது 2024 பிப்ரவரி 4-ல். ஆறு வருஷம் ஒருத்தி எதைத் தின்பாள்?

குரூப் 4-ம் எழுதலாம், வி.ஏ.ஓ.வுக்குத் தொடக்கம் 19,500. அதற்குப் பத்தாம் வகுப்பே போதும் என்பது வேறு. ஜாம் தேர்வு எழுதி ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. சேரும் வழியும் இருக்கிறது. எங்கள் வகுப்பில் அந்தப் பேரை யாரும் சொன்னதில்லை.

18.5.2025, ஞாயிறு
அமெரிக்காவில் எந்தக் கல்லூரியில் எந்தப் பாடம் படித்தவர் எவ்வளவு சம்பாதிக்கிறார், எவ்வளவு கடனோடு வெளியே வந்தார் என்று அரசே பட்டியல் போடுகிறது. அதற்குப் பேர் காலேஜ் ஸ்கோர்கார்டு. இங்கே என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் கல்லூரி, வேலை கிடைத்தவர்களின் நடுத்தரச் சம்பளத்தை எழுதிக் கொடுக்க வேண்டும். கடனைக் கேட்க அதில் கட்டமே இல்லை. பைக்கில் வந்தவரிடம் சம்பளம் கேட்டேன், "நூறு பர்சன்ட் பிளேஸ்மென்ட்" என்றார்.

20.5.2025, செவ்வாய்
கள்ளக்குறிச்சி அரசுக் கல்லூரியில் சேர்க்கலாம் என்றேன். அப்பாவுக்குப் பயம், பெண் பிள்ளை பஸ் மாறிப் போகணுமே என்று. அங்கே இளநிலைக்குக் கல்விக் கட்டணம் இல்லை. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. ஆறிலிருந்து அரசுப் பள்ளியில் படித்ததால் புதுமைப்பெண் திட்டத்தில் மாசம் 1,000, மூணு வருஷத்துக்கு 36,000. அந்தத் தனியார் கல்லூரியும் இதுவும் ஒரே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கீழ்தான். அதே பாடம், அதே பட்டம். பஸ் மாறும் பயத்துக்கு 2.87 லட்சம் கொடுப்பதா என்று கேட்டேன். அப்பா பதில் சொல்லவில்லை, ஆனால் விண்ணப்பத்துக்கு 50 ரூபாயை எடுத்து நீட்டினார். 48 விண்ணப்பம், 2 பதிவு.

முதல் விருப்பம் கணிதம். "புடிச்சிருக்குக்கா" என்கிறாள். கடன் இல்லாவிட்டால் அந்த ஒரு காரணமே போதும்.

30.6.2025, திங்கள்
தங்கச்சிக்கு அரசுக் கல்லூரியில் முதல் நாள் வகுப்பு. புதுமைப்பெண் திட்டத்துக்கு ஆதார், வங்கிக் கணக்கு, ஆறிலிருந்து பன்னிரண்டுவரை படித்ததற்கான சான்று கேட்டிருக்கிறார்கள். நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் போய் வாங்க வேண்டும்.