மேற்கணக்கு நண்பன்

இலங்கையின் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் ஒரு தோட்டத்தின் பிரிவைக் ‘கணக்கு’ என்று சொல்வது வழக்கம். மலைச்சரிவின் உயரத்தில் இருப்பது மேற்கணக்கு. ஓடையை ஒட்டிய பள்ளத்தில் இருப்பது கீழ்க்கணக்கு. மஸ்கெலியாவுக்கு அருகே இருந்த எங்கள் தோட்டத்தில் நடுக்கணக்கு ஒன்றும் உண்டு. நான் அங்கே பிறந்தவன். தோட்டப் பள்ளியில் ஒரே பலகையில் அமர்ந்து படித்த நாங்கள் மூவரும் ஆளுக்கொரு கணக்கைச் சேர்ந்தவர்கள். ஆகையால் எங்களுக்குள் பெயர்கள் தேவைப்படவில்லை. ‘மேற்கணக்கு’, ‘கீழ்க்கணக்கு’ என்றே அழைத்துக்கொண்டோம். பின்னாளில் கல்லூரியில் தமிழாசிரியர் பதினெண்கீழ்க்கணக்கைப் பற்றிப் பாடம் சொன்னபோது, பதினெட்டு நூல்களுக்கு முன்பாக, சளி ஒழுகும் மூக்கோடு ஒரு சிறுவன் முகமே என் நினைவில் வந்து நின்றது.

எங்களைப் பிரித்தது சண்டையன்று, உடன்படிக்கை. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் தோட்டத் தமிழர் தம் வாக்குகளால் ஏழு உறுப்பினர்களை இலங்கை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினர். மறு ஆண்டு வந்த குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இந்தியத் தலைமை அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைத் தலைமை அமைச்சர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் கையொப்பமிட்டனர். 5,25,000 பேரை இந்தியா ஏற்பது. 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவது. பத்தாண்டுகள் கழித்து அவர்களையும் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. பாகப்பிரிவினையில் பாத்திரங்களைப் பிரிப்பதுபோல மனிதர்களைப் பிரித்த கணக்கு அது.

எந்த நாடு வேண்டும் என்று எங்கள் தந்தையர் விண்ணப்பம் எழுதினர். “பிள்ளைகள் ஏதாவது ஒரு நாட்டுக்காரர்களாக இருக்கட்டும்” என்று என் அப்பா இந்தியாவைக் கேட்டார். மேற்கணக்கு நண்பனின் அப்பா இலங்கையைக் கேட்டார். அவருடைய தாயைத் தேயிலைத் தூருக்கடியில் புதைத்திருந்தார்கள். அவளைத் தனியே விட்டுவிட்டு எங்கே போவது என்பது அவர் வாதம். இரண்டு காரணங்களும் எனக்கு இன்றும் சரியாகவே படுகின்றன.

கண்டியிலிருந்த இந்தியத் துணைத் தூதரகத்தில் எங்கள் கடவுச்சீட்டு ஆயத்தமாயிற்று. 1973 ஜூன் மாதம் ஹட்டன் நிலையத்தில் தலைமன்னார் செல்லும் வண்டியில் ஏறினோம். தொடர்வண்டியை மலையகத்தில் ‘கோச்சி’ என்பார்கள். இந்த வண்டிக்கோ ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று பெயர். ஏறுபவரும் அழுவர், வழியனுப்புபவரும் அழுவர். எனக்கு அப்போது பதினான்கு வயது. மேற்கணக்கு நண்பன் சன்னல் கம்பியைப் பிடித்தபடி நடைமேடையின் இறுதிவரை ஓடிவந்தான். பிறகு கப்பல், இராமேசுவரம், மண்டபம் முகாம். அதன்பின் தாயகம் திரும்பியோருக்காக நீலகிரியில் அமைக்கப்பட்ட அரசுத் தேயிலைத் தோட்டமொன்றில், கோத்தகிரிப் பக்கம், அப்பாவும் அம்மாவும் மீண்டும் கூடை சுமந்தனர். அங்கே ‘இந்தியாக்காரன்’ என்று அழைக்கப்பட்டவன் இங்கே ‘சிலோன்காரன்’ ஆனேன். படித்தேன், தமிழாசிரியரானேன். மூன்று முறை வீடு மாறியதில் கடிதங்கள் தம் வழியைத் தொலைத்தன. எண்பதுகளில் அங்கே போர் மூண்டதும் கப்பலும் நின்றுபோனது.

2017இல் பணி ஓய்வு பெற்றேன். உடன் ஓய்வுபெற்றவர்கள் காசிக்கும் கேதாரத்துக்கும் பயணச்சீட்டு எடுத்தனர். நான் 2018 டிசம்பர் இறுதியில் என் துணைவியாருடன் கொழும்புக்குப் பறந்தேன். அன்று பல நாள் அலைக்கழிப்பில் கடந்த தொலைவை, வானூர்தி ஒன்றரை மணி நேரத்துக்குள் முடித்துவிட்டது.

கொழும்புக் கோட்டை நிலையத்தில் பதுளை வண்டிக்காகக் காத்திருந்தோம். பெயர்ப் பலகையில் ‘புகையிரத நிலையம்’ என்று கண்டதும் துணைவியார் சிரித்தார். புகை போய்ப் பல காலம் ஆயிற்று; அந்த அழகிய சொல் மட்டும் அங்கே இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. நாவலப்பிட்டியைத் தாண்டி வண்டி மலையேறத் தொடங்கியதும் பச்சைக் கொழுந்தின் வாடை உள்ளே வந்தது. அதே வாடை கோத்தகிரியிலும் உண்டு. ஆனாலும் கண்கள் கலங்கின. காரணம் கேட்ட துணைவியாருக்கு என்னால் விடை சொல்ல இயலவில்லை.

ஹட்டனிலிருந்து பேருந்தில் மஸ்கெலியா சென்றோம். நான் சிறுவனாக இருந்தபோது மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கம் கட்டப்பட்டு, பழைய மஸ்கெலியா நகரம் நீரில் மூழ்கியது. தெப்பத் திருவிழாவைப் பார்ப்பதுபோல நாங்கள் மூவரும் பாறைமேல் அமர்ந்து, கடைத்தெருவுக்குள் தண்ணீர் புகுவதை நாள்தோறும் வேடிக்கை பார்த்தோம். இப்போது அதே நீர்ப்பரப்பு அமைதியாகக் கிடந்தது. கடும் கோடையில் நீர் வற்றினால் மூழ்கிய பழைய கோயில் வெளியே தெரியும் என்று பேருந்தில் ஒருவர் சொன்னார்.

தோட்டத்தில் முதலில் விசாரித்த பெரியவரே வழி காட்டிவிட்டார். லயத்தின் கடைசி வீடு. வாசலில் விறகை அடுக்கிக்கொண்டிருந்தவர் தலை முழுவதும் நரைத்திருந்தது. நான் என் பெயரைச் சொல்லவில்லை. “நடுக்கணக்கு” என்றேன். கையிலிருந்த விறகைக் கீழே போடாமல் என்னைச் சற்று நேரம் பார்த்தான். “இவ்வளவு நேரமாடா வர்றதுக்கு?” என்றான். நாற்பத்தைந்து ஆண்டுகளை அவன் அளந்த விதம் அது.

தேயிலை ஆலையை அங்கே ‘ஸ்டோர்’ என்பார்கள். அந்த ஸ்டோரில் கொழுந்து வாட்டும் பகுதியில் முப்பத்தெட்டு ஆண்டுகள் உழைத்திருக்கிறான். மகன் கொழும்பில் ஒரு கடையில் வேலை, மகள் ஆசிரியை. நாள் கூலியாக ஆயிரம் ரூபாய் கேட்டு மலையகமெங்கும் குரல் எழுந்திருந்த காலம் அது. அவன் மருமகளும் கொழுந்து பறித்துக் களைத்துத் திரும்பியிருந்தாள். அவனுடைய மனைவி ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் வைத்தார். “அண்ணே, ஒங்களப் பத்திப் பேசாத நாளில்ல” என்றவர், அவன் எழுந்து வெளியே சென்ற நேரத்தில் இன்னொன்றையும் சொன்னார். நாங்கள் கப்பலேறிய மறு ஆண்டு தோட்டங்களில் பஞ்சம். அரிசியும் மாவும் கிடைக்கவில்லை. எங்களுக்குப் பின்னால் பள்ளிக்கு ஓடிவரும் அவன் தங்கை அந்தப் பஞ்சத்தில் இறந்துபோனாள். அவன் அதை என்னிடம் சொல்லவில்லை; நானும் கேட்கவில்லை.

அவனுடைய அப்பா கேட்ட குடியுரிமையும் எளிதில் வந்துவிடவில்லை. 2003ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகே அவன் கைக்குப் பத்திரம் கிடைத்தது. 2004இல், நாற்பத்தைந்தாம் வயதில், முதன்முறையாக வாக்களித்தான். நான் அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே கோத்தகிரியில் வாக்களித்துவிட்டேன். நம் மாணவர்கள் பதினெட்டு வயதானதும் இயல்பாகப் பெறும் அட்டைக்கு அவன் குடும்பம் மூன்று தலைமுறைகளாகக் காத்திருந்தது.

இரவில் குளிர் ஏறியது. தொலைவில் சிவனொளிபாத மலையின் படிகளில் யாத்திரைக்கால விளக்குகள் ஒரு கோடாக மின்னின. இனிப்பில்லாத தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு, அவன் திடீரென்று எங்கள் வகுப்பின் பெயர்களைச் சொல்லத் தொடங்கினான். தொழிலாளர் வருகையைப் பதியும் ஏட்டைத் தோட்டத்தில் ‘செக்ரோல்’ என்பார்கள். அந்தச் செக்ரோலை வாசிப்பதுபோலவே வாசித்தான். முப்பத்தொரு பேர். யார் எந்த மாதம் போனார், நடைமேடையில் எந்தச் சட்டை அணிந்திருந்தார், யார் அழவில்லை என்பது வரை. இந்தியா சென்றவர்கள் இருபத்திரண்டு பேர். அவர்களில் நான் நான்காவது.

அதுவரை எங்கள் பிரிவை நான் என் பக்கத்திலிருந்து மட்டுமே பார்த்திருந்தேன். சொந்த மண்ணையும் தோழரையும் விட்டுவந்தவன் நான். இழந்தவனும் நானே என்பது என் எண்ணம். ஆனால் எனக்கு வாய்த்தது ஒரே ஒரு பிரிவு. அவன் இருபத்திரண்டு முறை ஹட்டன் நிலையத்துக்கு நடந்திருக்கிறான். ஒவ்வொரு முறையும் வகுப்பில் ஓர் இடம் காலியாகியிருக்கிறது. இறுதியில் இரண்டு வகுப்புகளை ஒன்றாக்கி நடத்தினார்களாம்.

“கீழ்க்கணக்கு எங்கே?” என்று கேட்டேன்.

“ஒங்க ஊர்லதான்டா. சேரம்பாடி. 1976ல போனான்” என்றவன், கைப்பேசியை எடுத்து எண்ணை அழுத்தி என் காதில் வைத்தான். சேரம்பாடி என் வீட்டிலிருந்து ஒரே பகலில் பேருந்தில் போய்ச் சேரக்கூடிய ஊர். அதே நீலகிரி மாவட்டம். அங்கே இருப்பவனோடு, கடல் கடந்து வந்து, மஸ்கெலியாவின் லயத்து வாசலில் நின்று நான் பேசினேன். மறுமுனையில் நெடுநேரம் மூக்கு உறிஞ்சும் ஓசை மட்டும் கேட்டது. அழுகையா, பழைய சளியா என்று கேட்டேன். இரண்டுந்தான் என்றான்.

புறப்படும் காலையில் மேற்கணக்கு நண்பன் பழைய நாட்காட்டித் தாள் ஒன்றைத் தந்தான். அதன் பின்புறத்தில் என்னை விடுத்து இருபத்தொரு பெயர்கள். அவற்றின் எதிரே அவன் கேள்விப்பட்ட இடங்கள். தாயகம் திரும்பியோரை அரசுகள் எங்கெல்லாம் குடியமர்த்தின என்பதற்கு அதைவிட நல்ல வரைபடத்தை நான் கண்டதில்லை. நீலகிரியும் வால்பாறையும் தேயிலைக்கு; கேரளத்தின் புனலூரும் கருநாடகத்தின் சுள்ளியாவும் இரப்பருக்கு; ஆந்திரத்தின் நூற்பாலைகள்; நிக்கோபாரைச் சேர்ந்த கச்சால் தீவு. “ஒனக்குத்தான் இப்ப ஓய்வாச்சே. போய்ப் பாத்துட்டுச் சொல்லு” என்றான். வேண்டுகோள்போல அது ஒலிக்கவில்லை. கங்காணி வேலை பிரித்துக் கொடுப்பதுபோல இருந்தது.

ஊர் திரும்பிய வாரமே சேரம்பாடி சென்றேன். கீழ்க்கணக்கு நண்பன் பேருந்து நிறுத்தத்தில் காலை முதல் நின்றிருந்தான். நாங்கள் இருவரும் அமர்ந்து மேற்கணக்கை அழைத்தோம். “ரெண்டு பேரும் சேந்து என்ன குடிக்கிறீங்க?” என்று கேட்டான். தேநீர் என்றதும், “ஒங்க ஊர்ல அதுல பாலை ஊத்திக் கெடுத்துடுவீங்களே” என்று குறைப்பட்டுக்கொண்டான்.

அந்தத் தாள் இப்போது மடிப்புகளில் கிழிந்துவிட்டது. துணைவியார் அதற்கு ஒட்டு போட்டிருக்கிறார். இருபத்தொரு பேரில் ஒன்பது பேரை நேரில் கண்டேன். ஐவரின் பிள்ளைகளை மட்டுமே காண முடிந்தது. சுள்ளியாவில் இருந்த தோழி கன்னடமும் தமிழும் கலந்து பேசினாள். தன் பெயர் இன்னும் அந்தச் செக்ரோலில் இருக்கிறது என்பதை மூன்று முறை கேட்டு உறுதிசெய்துகொண்டாள். ஒவ்வொருவரைக் கண்டதும் மஸ்கெலியாவுக்கு அழைத்துச் சொல்வேன். அவன் “சரி” என்பான். பென்சில் தாளில் உரசும் ஓசை கேட்கும்.

ஏழு பேர் மீதம். புனலூருக்கு அடுத்த மாதம் பயணச்சீட்டு எடுத்திருக்கிறேன்.