பாளை சீவும் தொழில்: பொள்ளாச்சித் தோப்புகளில் தெளுவும் கள்ளும்

பொள்ளாச்சி, ஆனைமலை, உடுமலை வட்டாரங்களில் தென்னம்பாளையைச் சீவி இறக்கும் இனிப்பான சாற்றைத் தெளுவு என்கிறார்கள். அரசாணையிலும் புட்டியின் மேலுள்ள சீட்டிலும் அது நீரா. புளிக்க விட்டால் கள். காய்ச்சிய இடத்திலேயே பீர் ஊற்றித் தரும் மதுக்கூடங்கள் அண்மைக் காலத்தில் பெங்களூரில் பெருகின. கொங்கு நாட்டில் அதற்கு இணையான பழைய ஏற்பாடு தோப்புதான். மரத்தில் இறக்கியதை மரத்தடியிலேயே குடித்தார்கள். பீருக்கு வாற்கோதுமையை முளைகட்ட வேண்டும், வேகவைக்க வேண்டும், ஈஸ்ட் சேர்க்க வேண்டும். இங்கே அந்த வேலை எதுவும் இல்லை. சர்க்கரையைப் பாளை தருகிறது, ஈஸ்ட் காற்றிலும் கலயத்திலும் ஏற்கெனவே இருக்கிறது. அதனாலேயே இதில் கைவேலை ஒன்றுமில்லை என்று நினைப்பவர்கள், பாளை சீவுபவர் மரத்தின் மேல் செய்வதைப் பார்த்ததில்லை.

முதல் வேலை, சரியான பாளையைத் தேர்வது. பாளை முற்றியிருக்க வேண்டும், ஆனால் வெடித்திருக்கக் கூடாது. அடிப்புறம் லேசாகப் பருத்திருப்பதைக் கண்ணாலும் விரலாலும் பார்த்து முடிவு செய்கிறார்கள். பிறகு அது விரிந்துவிடாதபடி நாரோ கயிறோ கொண்டு நெருக்கமாகச் சுற்றிக் கட்டுகிறார்கள். அடுத்துத் தொடங்குவது தட்டுதல். சிறிய கட்டையால் பாளையின் மேல் சீராக, எல்லாப் பக்கமும் ஒரே அளவில், காலையும் மாலையும் பல நாள் தட்டுகிறார்கள். தட்டு பலமாக விழுந்தால் உள்ளே இருக்கும் பூங்கதிர்கள் நசுங்கி அழுகிவிடும். போதாமல் போனால் சாறு இறங்காது. இந்த அளவை எந்தப் பயிற்சிக் கையேடும் எண்ணில் சொல்லிவிட முடியாது. கீழே நின்று கேட்பவருக்கு எல்லாத் தட்டும் ஒரே ஓசைதான். மேலே இருப்பவருக்குப் பாளை இளகிவிட்டதா என்பது அந்த ஓசையிலேயே தெரிந்துவிடுகிறது.

இளகிய பாளையின் நுனியை அறுத்து, அதைச் சிறிது சிறிதாகக் கீழ்நோக்கி வளைத்துக் கட்டிய பிறகு சாறு சொட்டத் தொடங்கும். அப்போதுதான் கலயம் கட்டுவார்கள். அதன் பின்னர் நாள்தோறும் இரண்டு மூன்று முறை ஏறி, அறுபட்ட முகத்தை மிக மெல்லிய பிசிராகச் சீவ வேண்டும். சீவாவிட்டால் காயம் ஆறி அடைத்துக்கொள்ளும். தடித்துச் சீவினால் பாளை விரைவில் தீர்ந்துபோகும். கை தேர்ந்தவர் ஒரு பாளையை ஒரு மாதத்துக்கும் மேல் ஓட்டிவிடுகிறார். நல்ல மரம் நாளொன்றுக்கு ஒன்றரை, இரண்டு லிட்டர் தரும். கத்தி எப்போதும் கூராக இருக்க வேண்டும் என்பதால் அதைத் தீட்டுவதற்கே தினமும் ஒரு நேரம் ஒதுக்கப்படுகிறது. சீவிய பாளையில் தேங்காய் கிடையாது. ஆகவே எந்த மரத்தைச் சீவ விடுவது என்று தோப்புக்காரர் தேங்காய் விலையைப் பார்த்தே முடிவு செய்கிறார்.

சொட்டும் போது சாறு ஏறக்குறைய நடுநிலையில் இருக்கும். அதில் 12 முதல் 15 விழுக்காடு சர்க்கரை, பெரும்பகுதி சுக்ரோஸ். கலயத்தில் விழுந்த உடனேயே நுண்ணுயிர்கள் வேலையைத் தொடங்கிவிடுகின்றன. லாக்டிக் பாக்டீரியா புளிப்பை ஏற்றும், ஈஸ்ட் சர்க்கரையைச் சாராயச் சத்தாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றும். நுரை அதன் அடையாளம். காலையில் இறக்கிய கள் இனிப்பும் புளிப்பும் கலந்து பீரின் அளவு போதை தரும். மாலைக்குள் கடுமை ஏறும். ஓரிரு நாள் கழிந்தால் அசெட்டிக் பாக்டீரியா அதைக் காடியாக்கிவிடும். ஒரே கலயச் சாறு, நேரத்தைப் பொறுத்து, குழந்தைக்குக் கொடுக்கும் பானமாகவும் ஊறுகாய்க்கு ஊற்றும் காடியாகவும் ஆகிவிடுகிறது.

புளிப்பைத் தடுக்கப் பழைய வழி, கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுவது. காரத்தன்மையில் ஈஸ்ட் அடங்கிவிடும். ஆனால் நிறமும் சுவையும் மாறும், அளவு தப்பினால் நாக்கில் காறும். காசர்கோட்டிலுள்ள மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிறுவனம் இதற்கு மாற்றாக ஒரு குளிர்பெட்டியை உருவாக்கியது. பனிக்கட்டி நிரப்பிய, வெப்பம் புகாத உறையிட்ட குழாய்ப் பெட்டிக்குள் சாறு சொட்டுகிறது. குளிரில் புளிப்பு ஏறுவதில்லை, பூச்சியும் எறும்பும் விழுவதில்லை, சாறு தேன் நிறத்தில் கிடைக்கிறது. அதைக் காய்ச்சினால் வேதிப்பொருள் சேர்க்காத சர்க்கரையும் கிடைக்கும். குறை ஒன்றுதான்: பனிக்கட்டியையும் சுமந்துகொண்டு ஏற வேண்டும். அந்தச் சுமை ஆய்வகத்தில் தெரியாது, நாற்பதடி மரத்தில் தெரியும்.

சட்டத்தின் கதை தொழிலின் கதையை விடச் சிக்கலானது. கள்ளுக்கடை மறியல் 1921இல் ஈரோட்டில் சூடு பிடித்தது. பெரியாரின் மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் அதில் முன்னின்றனர். 1937இல் ராஜாஜி அரசு மதுவிலக்கைத் தொடங்கியது சேலம் மாவட்டத்தில்தான். 1971இல் கடைகள் திறந்தன, சில ஆண்டுகளில் மூடின, 1981இல் மறுபடி திறந்தன. 1987 சனவரி 1 முதல் கள்ளும் சாராயமும் தமிழகத்தில் விலக்கப்பட்டன. கலப்படத்தை முன்னிறுத்திச் சொல்லப்பட்ட காரணம் கற்பனை அல்ல. கள்ளில் மயக்க மருந்து கலப்பது பல மாநிலங்களில் பிடிபட்டிருக்கிறது. ஆனால் 2003 முதல் சில்லறைக் கடைகளை அரசின் டாஸ்மாக்கே நடத்தி 42.8 விழுக்காடு சாராயச் சத்துள்ள பிராந்தியை விற்கும் மாநிலத்தில், அதில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு வலுவுள்ள பானத்தை இறக்குபவர் மட்டும் குற்றவாளி என்பது நியாயமாகத் தோன்றவில்லை. செ. நல்லசாமி ஒருங்கிணைக்கும் கள் இயக்கம் ஆண்டுக்கணக்கில் கேட்பதும் இதைத்தான். 2017இல் அரசு பாதி வழி வந்தது: உரிமம் பெற்ற தென்னை உற்பத்தியாளர் நிறுவனங்கள் புளிக்காத நீரா இறக்கலாம் என்றது. ஏறுவதும் சீவுவதும் அதே வேலைதான். புளித்தால் மட்டும் வழக்கு.

பொள்ளாச்சியிலிருந்து மேற்கே கோபாலபுரம் சோதனைச்சாவடியைத் தாண்டினால் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டம். மண்ணும் மரமும் மாறுவதில்லை, சட்டம் மாறிவிடுகிறது. கேரளம் 1996இல் சாராயத்தை நிறுத்தியபோதும் கள்ளைத் தொடவில்லை. சித்தூர்த் தோப்புகளில் இறக்கும் கள் அனுமதிச் சீட்டுடன் வண்டிகளில் மற்ற மாவட்டங்களுக்கும் போகிறது. அங்கே கள் தொழிலாளர் நல நிதிச் சட்டம் 1969 முதல் இருக்கிறது. சீவுபவர் பதிவு செய்த தொழிலாளி, அவருக்கு வைப்பு நிதியும் ஓய்வூதியமும் உண்டு. கிழக்குப் பக்கத்தில் அதே கத்தியைப் பிடிப்பவரின் பாதுகாப்பு, பெரும்பாலும் வேலைக்கு அமர்த்தும் நிறுவனத்தின் கையில்தான்.

இன்று தோப்புகளில் பெரிய தட்டுப்பாடு சாற்றுக்கோ சந்தைக்கோ அல்ல, ஏறுபவருக்கு. தேங்காய் பறிக்க ஏறுவதற்கும் சீவ ஏறுவதற்கும் வேறுபாடு உண்டு. முன்னது சில வாரங்களுக்கு ஒருமுறை, பின்னது தவறாமல் தினமும், மழையிலும். ஒருவர் பத்துப் பன்னிரண்டு மரங்களுக்கு மேல் பார்த்துக்கொள்வது கடினம். 2016இல் பொள்ளாச்சியில் முதன்முதலாகக் காணப்பட்ட சுருள் வெள்ளை ஈயும், கேரளத்திலிருந்து பரவிய வாடல் நோயும் மரங்களை நலிவித்திருக்கின்றன. நலிந்த மரத்தைச் சீவ யாரும் விரும்புவதில்லை. தொழிலாளிக்கு மாத வருமானமும் விபத்துக் காப்பீடும் உறுதியாகாத வரை, நீரா உரிமங்கள் கூடினாலும் கலயங்கள் கூடப்போவதில்லை.

அந்தப் பக்கம் போகிறவர்கள் சாலையோர நீரா கடையில் வாங்கும்போது, புட்டி நன்றாகச் சில்லென்று இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்து, அங்கேயே நின்று குடித்துவிடுவது நல்லது. காரில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனால், கோவை வந்து சேர்வதற்குள் அது புளிக்கத் தொடங்கிவிடும்.